இலேசான லினக்ஸும் புதிய கணிப்பொறியும்

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியைப் பார்த்தவர்கள், தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருப்பதையும், துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக அதில் திரும்பி வருவதையும் கண்டிருப்பீர்கள். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்குகிறது. துளையில்லாத இடத்தில் இழை அசைவதில்லை. சேலையில் பூவும் மயிலும் இவ்வாறே விழுகின்றன. ஆனால் 240 கொக்கிப் பெட்டிக்கு வெட்டிய அட்டைகள் 120 கொக்கிப் பெட்டியில் ஓடா. அட்டையிலும் பழுதில்லை; பெட்டியிலும் பழுதில்லை. இரண்டுக்கும் பொருத்தமில்லை, அவ்வளவே.

கணிப்பொறியிலும் இத்தகைய பொருத்தம் தேவை. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. ஆகவே லினக்ஸ் நம் மாணவர்களுக்குப் புதிதன்று. பழைய கணிப்பொறி தளர்ந்துவிட்டால், இலேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றி அதை மீண்டும் ஓடவைப்பதும் உண்டு. அதே லினக்ஸைப் புதிய கணிப்பொறியில் ஏற்றினால் மட்டும் சில வேளைகளில் வைஃபை இல்லை, ஒலி இல்லை, திரையும் சரியில்லை. பழையதில் ஓடியது புதியதில் ஏன் ஓடவில்லை?

இங்கே 'இலேசு' என்பது பெரும்பாலும் திரையில் நாம் காணும் சாளரங்களையும் பட்டியல்களையும் பற்றியது. அவை குறைந்த நினைவகத்தில் இயங்குகின்றன. வன்பொருளோடு பேசுவதோ கெர்னல் எனப்படும் உட்கரு. ஒவ்வொரு சில்லுக்கும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என இரண்டு எண்கள் உண்டு. கணிப்பொறி தொடங்கும்போது கெர்னல் அவற்றைப் படித்து, தன்னிடமுள்ள இயக்கிகளில் பொருந்துவதைத் தேடுகிறது. எண் பட்டியலில் இல்லையென்றால் அந்தச் சில்லு வாளாவிருக்கும்.

ஓர் உதாரணம் காண்போம். டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில். ஆனால் அதிலுள்ள கெர்னல் 6.1, 2022 டிசம்பரைச் சேர்ந்தது. ரியல்டெக் 8852பிஇ என்னும் வைஃபை சில்லுக்கான இயக்கியோ, 2023 பிப்ரவரியில் வந்த கெர்னல் 6.2இல்தான் சேர்ந்தது. ஆகவே வெளியீட்டின் வயது வேறு. கெர்னலின் வயது வேறு. நாம் பார்க்க வேண்டியது கெர்னலின் வயதையே.

வேறு இரு காரணங்களும் உண்டு. இயக்கி இருந்தும், சில்லினுள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரல் இல்லாதிருக்கலாம். தடையற்ற மென்பொருளை மட்டுமே சேர்க்கும் வெளியீடுகள் இதை விட்டுவிடுகின்றன. அடுத்தது செக்யூர் பூட். ஏற்கப்பட்ட கையொப்பமில்லாத லினக்ஸைக் கணிப்பொறி தொடக்கத்திலேயே தடுத்துவிடும். சிறிய வெளியீடுகள் பலவற்றுக்கு அக்கையொப்பம் இல்லை.

இனி, செய்யவேண்டியது என்ன? விண்டோஸை அழிக்காதீர்கள். முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். சாவி இல்லையேல் உங்கள் பாடக்குறிப்புகளும் படங்களும் திரும்பக் கிடைக்கமாட்டா.

பின்னர் லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே, நிறுவாமல் இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, தொடுபலகை, திரை வெளிச்சம், மூடித் திறந்தபின் விழிப்பு ஆகிய ஐந்தையும் சோதியுங்கள். வைஃபை மட்டும் இல்லையென்றால், கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்தலாம். அதன்வழியே புதிய கெர்னலையும் ஃபர்ம்வேரையும் இறக்கிக்கொள்ளலாம். டெபியனின் பேக்போர்ட்ஸ் தொகுப்பு இதற்கு உதவும். எம்எக்ஸ் லினக்ஸில் புது வன்பொருளுக்கென ஏஎச்எஸ் என்னும் தனிப் பதிப்பே உண்டு.

இவற்றிலும் பலன் இல்லையெனில் சில மாதங்கள் பொறுத்திருங்கள். அடுத்த கெர்னலில் உங்கள் சில்லின் எண் சேர்ந்திருக்கக்கூடும். அதற்குள் கணிப்பொறி பழுதென்று கடைக்குத் தூக்கிச் சென்று பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.