க்ரூஸ் படுத்துவிட்டதா? பிரேக்கை மிதியுங்கள்!

காலை எடுத்துவிட்டு, கார் தானாக 80-ல் ஓடுவதை ரசிப்பது தனி சுகம். அதற்குத்தான் க்ரூஸ் கன்ட்ரோல். என் காரில் ஒருநாள் அது மக்கர் பண்ணியது. பட்டனை அமுக்கினால், 'போய்யா' என்று சும்மா இருந்தது.

"கம்ப்யூட்டரே போயிருக்கலாம் சார், செலவு எகிறும்" என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர் சிரித்தார்.

"பிரேக்கை மிதிங்க தம்பி, நான் பின்னால நிக்கிறேன்."

மிதித்தேன்.

"லைட்டே எரியலையே!"

விஷயம் இதுதான். பிரேக்கை மிதித்ததும் க்ரூஸ் விலகிவிட வேண்டும். பெடலுக்கு மேலே உள்ள சின்ன ஸ்விட்ச்தான் அந்தச் சேதியைச் சொல்கிறது; பிரேக் லைட்டை எரிய வைப்பதும் பெரும்பாலும் அதுவேதான். சேதி சரியாக வராவிட்டால் க்ரூஸ் வேலை செய்ய மறுக்கும். ஆகவே முதலில் ஃபியூஸ், பல்பு, ஸ்விட்ச் மூன்றையும் பாருங்கள். கியர் வண்டி என்றால் கிளட்ச் ஸ்விட்சையும். எனக்கு ஸ்விட்சை மாற்றியதும் எல்லாம் சரி!

க்ரூஸைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ரால்ஃப் டீட்டர், சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். 1950-ல் பேடன்ட் வாங்கினார். 1958-ல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் வண்டியை விரட்டியும் இழுத்தும் ஓட்டிய ஒரு வக்கீல் மீது வந்த எரிச்சல்தான் காரணம் என்பார்கள்.

க்ரூஸ் இல்லாவிட்டால் கால் வலிக்கும், அவ்வளவுதான். பிரேக் லைட் இல்லாவிட்டால்? பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் நிற்பதே தெரியாது!

வாரம் ஒருமுறை யாரையாவது பின்னால் நிறுத்தி மிதித்துப் பாருங்கள். ஆள் கிடைக்கவில்லையா? ராத்திரியில் ஒரு சுவர் போதும். சிவந்தால் சரி!