குறட்டையும் இரத்தக் கொதிப்பும்

குறட்டை என்றதும் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. குறட்டை விடும் நண்பருக்குப் பட்டப்பெயர் சூட்டாத விடுதி அறை உண்டா? ஆயினும் சிலருடைய குறட்டை இடையில் திடீரென நின்று, சற்று நேரம் அமைதி நிலவி, பின் ஒரு திணறலோடு மீண்டும் தொடங்கும். அந்த அமைதியைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. பருத்த கழுத்தோ சிறுத்த தாடையோ உடையவர்கள் சிலருக்கு அப்போது மூச்சுவழி அடைபட்டுவிடுகிறது. மார்பு ஏறி இறங்கினாலும் காற்று உள்ளே செல்வதில்லை. இவ்வாறு 10 விநாடியேனும் மூச்சு தடைப்படுவதை மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நேர்ந்தால் நோய் கடுமையானது. ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் உயிர்வளி குறைகிறது. உடனே பரிவு நரம்பு மண்டலம் துடித்தெழுந்து இரத்தக் குழாய்களைச் சுருக்க, அழுத்தம் ஏறுகிறது. நலமுள்ளவருக்கு இரவில் இரத்த அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு தாழும். இவர்களில் பலருக்கு அது தாழ்வதேயில்லை. பகலிலும் அந்த நரம்புகளின் முறுக்கு தளர்வதில்லை. போதாக்குறைக்கு, அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டீரோன் மிகுந்து உப்பும் நீரும் உடலில் தங்குவதும் உண்டு.

என் தாய்மாமா லாரி ஓட்டுநர். மூன்று வகை மாத்திரைகள் உண்டும் அவருடைய அழுத்தம் 160-க்குக் கீழே இறங்கவில்லை. ஒழுங்காக உண்பதில்லை என்று மருத்துவமனையில் அவரையே கடிந்துகொண்டார்கள். "தூக்கத்தில் மூச்சு நின்னு நின்னு வருதுங்க" என்று அத்தை சொன்ன பிறகே ஒரு மருத்துவர் உறக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். இந்நோயாளிகள் பகலிலும் கண்ணயர்வார்கள். லாரி ஓட்டுபவர் கண்ணயர்ந்தால் என்னாகும்? மருத்துவர் முதலில் வினவ வேண்டியது உடன் உறங்குபவரைத்தான் என்பது என் கருத்து.

ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் இதற்கொரு வழியை வெளியிட்டார். மூக்கில் முகமூடி பொருத்தி, இடைவிடாத அழுத்தத்தோடு காற்றைச் செலுத்துவது. அக்காற்றே தொண்டையைத் திறந்து வைக்கும். ஆனால் இரத்த அழுத்தம் இதனால் சராசரியாக 2 அல்லது 3 மில்லிமீட்டரே குறைகிறது. மூன்று மருந்துகளுக்கும் அடங்காத 194 பேரிடம் ஸ்பெயினில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் கிடைத்த பயனும் 3.1 மில்லிமீட்டர்தான். இரவில் நெடுநேரம் அணிந்தவர்களுக்கே பயன் மிகுதி. ஆகவே கருவி வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. மாமாவுக்கும் மாத்திரைகள் தொடர்கின்றன.

அப்படியும் அடங்காவிட்டால் நான்காவதாக ஸ்பைரோனோலாக்டோன் சேர்ப்பார்கள். அது ஆல்டோஸ்டீரோனைத் தடுப்பது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடல் எடை குறைந்தால் மூச்சுத் தடை, கொதிப்பு இரண்டுமே குறையும். உறக்கம் சரியில்லை என்று சிலர் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி உண்கிறார்கள். சிலர் மதுவை நாடுகிறார்கள். மதுவும் அத்தகைய மாத்திரைகள் பலவும் ஏற்கெனவே தளர்ந்த தொண்டையை மேலும் தளர்த்துபவை.