வாடகை வீட்டுல வால்பேப்பர் ஒட்டியிருக்கீங்களா? காலி பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

குடி வந்த புதுசுல ஹால்ல ஒரு சுவருக்கு மட்டும் ஆசையா வால்பேப்பர் ஒட்டியிருப்பீங்க. காலி பண்ற அன்னைக்கு ஓனர் அதைப் பார்த்துட்டு, "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கறேன்"னு சொல்வார். எனக்கே இது நடந்திருக்கு. ஒரே ஒரு சுவரைக் காட்டி, முழு வீட்டு பெயிண்ட் செலவையும் என் அட்வான்ஸ்ல கழிச்சாங்க. எதிர்த்துப் பேச அப்ப எனக்கு விவரம் பத்தல.

2017-ம் வருஷத்து தமிழ்நாடு வாடகைச் சட்டம், சுவருக்கு வெள்ளையடிக்கிறதையும் கதவு, ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கிறதையும் உரிமையாளரோட பொறுப்புலதான் வெச்சிருக்கு. சாதாரணமா புழங்கி வர்ற தேய்மானமும் உங்க தலையில விழாது. ஆனா நீங்க ஒட்டின பேப்பரால சுவருக்கு சேதம் வந்தா அது உங்க கணக்குதான். அதனால அந்த ஒரு சுவரை நீங்களே சரி பண்ணிக் கொடுத்துட்டா, மத்ததுக்குப் பணம் கழிக்க அவங்க கிட்ட காரணம் இருக்காது.

ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. முதல்ல ஒரு மூலையை மெதுவா உரிச்சுப் பாருங்க. ஸ்டிக்கர் மாதிரி பசையோட வர்ற ரகம்னா, ஹேர் டிரையரால சூடு காட்டிக்கிட்டே கீழ் நோக்கி மெதுவா இழுங்க. வெடுக்குனு இழுத்தா பட்டியும் சேர்ந்து பேந்துக்கிட்டு வரும்.

பசை தடவி ஒட்டின வினைல் ரகம்னா மேல் லேயர் மட்டும் கையோட வரும், அடியில காகிதம் சுவரோடயே நின்னுடும். நிறைய பேர் அந்தக் காகிதத்து மேலேயே பட்டி போட்டுடறாங்க. தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க. பட்டியில இருக்கற ஈரத்துல காகிதம் ஊறி உப்பும், அப்புறம் எல்லாம் சேர்ந்து உரியும். செலவு ரெண்டு மடங்கு.

அந்த ரூமோட சுவிட்சை மெயின் போர்டுல அணைச்சுட்டு, வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து தெளிங்க. 15 நிமிஷம் ஊறட்டும். பட்டி பிளேடைப் படுக்க வெச்சு சுரண்டினா காகிதம் வந்துடும். அப்புறம் ஸ்பாஞ்சால ரெண்டு தடவை கழுவுங்க. ஈரக் கையால தடவும்போது வழவழன்னு இருந்தா பசை இன்னும் போகலைன்னு அர்த்தம்.

பேப்பருக்கு அடியில கறுப்புப் பூஞ்சையோ, வெள்ளையா உப்புப் பூத்தோ இருந்தா கையை எடுத்துடுங்க. பெரும்பாலும் வெளிச்சுவர் வழியாவோ, பக்கத்து பாத்ரூம் குழாயிலிருந்தோ ஈரம் வருது. சந்தேகம்னா சுவர் காஞ்சதுக்கு அப்புறம் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. சுவர் பக்கமா தண்ணி முத்து கோத்திருந்தா ஈரம் உள்ளேருந்து வருது. உடனே போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்ல அனுப்பிடுங்க. கசியுற குழாயை மாத்தறது அவர் வேலை. அதைச் சரி பண்ணாம மேல என்ன பெயிண்ட் அடிச்சாலும் நிக்காது.

சுவர் நல்லா இருந்தா மீதி வேலை சுலபம். ஆணி ஓட்டை, பேந்த இடத்துக்கெல்லாம் பட்டியை மெல்லிசா ரெண்டு கோட். காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தூசியைத் துடைச்சுட்டு பிரைமர். பெயிண்டை திட்டுத் திட்டா அடிக்காதீங்க, வித்தியாசம் பளிச்சுனு தெரியும். ஓனர் கிட்ட ஷேடு நம்பர் கேட்டு, மூலைக்கு மூலை முழுச் சுவரா அடிங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். 12 அடி நீளம், 10 அடி உயரம்னா ஒரு சுவர் 120 சதுர அடி. 10-க்கு 12 ரூம்ல நாலு சுவரும் சேர்த்து 440. பெயிண்டர் உங்க கிட்ட ரூம் கணக்குல பேசினா, 120-க்கு எவ்வளவுன்னு திருப்பிக் கேளுங்க. சின்ன வேலைங்கறதால சதுர அடிக்குப் பதிலா நாள் கூலி கேப்பாங்க, அது நியாயம்தான். பட்டி காயணும்ல, ரெண்டு தடவை வரணும். உரிக்கிறதையும் கழுவுறதையும் நீங்களே முடிச்சு வெச்சா ஒரு நாள் கூலியாவது மிச்சம்.

வாங்கின பில், முன்னாடி எடுத்த போட்டோ, பின்னாடி எடுத்த போட்டோ மூணையும் சாவி கொடுக்கறதுக்கு முதல் நாளே ஓனருக்கு அனுப்பிடுங்க. அட்வான்ஸ் பத்தின பேச்சை அதுக்கப்புறம் ஆரம்பிங்க.