உங்களுக்குத் தெரியுமா? வள்ளுவருக்குள் அம்பாசமுத்திரம்!

குமரிக் கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையின் உட்பகுதிக்குச் சுமார் 5,000 டன் கல் கொடுத்தது நம் தாமிரபரணிக் கரை அம்பாசமுத்திரம்!

• வெளியே தெரிவது சிறுதாமூர் கல்; சுமார் 2,000 டன்.

• மொத்தம் 3,681 கற்கள். பெரியது 15 டன். கணபதி ஸ்தபதி வடித்தது. 2000 ஜனவரி 1 திறப்பு. 2004 சுனாமியிலும் அசையவில்லை.

• சிற்பிகள் கல்லைக் காதால் தேர்வார்கள். தட்டினால் மணிபோல் கணீரென்றால் ஆண் கல், தாளம்போல் ஒலித்தால் பெண் கல். ஓசை செத்த கல் சிலைக்கு ஆகாது.

• அந்தக் காதின் அருமை தெரிய களக்காடு சத்தியவாகீஸ்வரர் கோயில் இசைத்தூண்களிடம் போங்கள். தூணைத் தட்ட விரல் நுனி போதும். தயவுசெய்து கல்லால் தட்டிவிடாதீர்கள்!