பனி வீசும் டிராக்டரும் பழைய கார் மோட்டாரும்



டிராக்டர் என்றதும் செம்பனைக் குலைகளை ஏற்றிய டிரெய்லரை இழுத்து வரும் வண்டிதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. கனடாவில் குளிர்காலம் வந்துவிட்டால் அதே டிராக்டருக்கு வேறு வேலை. வீட்டு வாசலிலிருந்து சாலைவரை மூடிக் கிடக்கும் பனியை அது வாரி எறிய வேண்டும். மொன்றியல் நகரில் ஒரு குளிர்காலத்தில் பெய்யும் பனியை உருகவிடாமல் அடுக்கினால் சுமார் 2 மீட்டர் உயரம் வரும். ஐஸ் கச்சாங்குக்குத் துருவும் பனிக்கட்டியைப் போன்றதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். ஈரப்பனியை மண்வெட்டியால் அள்ளினால் இடுப்பு ஒடிந்துவிடும்.

இந்தத் தொல்லைக்காகவே கியூபெக் மாநிலத்து ஆர்த்தூர் சிக்கார் என்பவர் 1925ஆம் ஆண்டில் பனி வீசும் வண்டி ஒன்றைச் செய்தார். பின்னாளில் விவசாயிகளின் டிராக்டரிலும் அத்தகைய இயந்திரத்தை மாட்டிக்கொள்ளும் வசதி வந்தது. அதன் வாயில் இருக்கும் திருகுத் தகடு பனியை நடுவுக்கு இழுக்கும். உள்ளே சுழலும் விசிறி அதை வேகமாக மேலே தள்ளும். புகைபோக்கியைப் போல் நிமிர்ந்து நிற்கும் ஒரு குழல் வழியாகப் பனி வெளியே பாயும். எந்தப் பக்கம் எறிய வேண்டுமோ அந்தப் பக்கம் குழலைத் திருப்ப வேண்டும்.

சங்கடம் அங்கேதான். பழைய இயந்திரங்களில் குழலைத் திருப்ப நீண்ட இரும்புக் கம்பியும் கைப்பிடியும் இருக்கும். ஓட்டுநரின் ஒரு கை ஸ்டியரிங்கில், மற்றொரு கை கியரிலோ ஏற்றி இறக்கும் நெம்புகோலிலோ இருக்கும். மூன்றாவது கைக்கு எங்கே போவது? காற்றுத் திசை மாறினால் பனி அவர் முகத்திலேயே வந்து கொட்டும். அடுத்த வீட்டுச் சன்னல் பக்கமாகக் குழல் திரும்பியிருந்தால், பனியோடு வரும் கூழாங்கல் கண்ணாடியை உடைக்கும். ஆள் நின்றால் ஆளையே தாக்கும். நொடியில் திருப்ப முடிந்தால்தான் ஆபத்து நீங்கும். கம்பெனிகள் இதற்கு மின்சாரக் கருவி விற்கின்றன. கைவேலை தெரிந்தவர்களோ பழைய கார் உடைக்கும் இடத்துக்குப் போய் ஒரு மோட்டாரைக் கழற்றி வந்து தாங்களே செய்துகொள்கிறார்கள்.

எந்த மோட்டார்? கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டாரும், கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரும் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுபவை. இரண்டிலும் திருகுப் பல்சக்கரம் உண்டு. திருகு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தால் திருகைச் சுற்றுவது அரிது. ஆகவே மின்சாரத்தை நிறுத்தியதும் குழல் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நமக்குக் கதவு மோட்டாரே சிறந்ததாகத் தோன்றுகிறது. காரணத்தைச் சொல்கிறோம். நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிக் கொடுத்தால் இத்தகைய மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுழலும். கதவு மோட்டார் அதற்கென்றே செய்யப்பட்டது. வைப்பர் மோட்டார் பலவற்றில் எதிர்முனை அதன் இரும்பு உடலோடு சேர்ந்தே இருக்கும். அதை அப்படியே டிராக்டரின் இரும்பில் முடுக்கிவிட்டு முனைகளை மாற்றினால், நேர்முனை நேராக வண்டியின் உடலைத் தொட்டு பியூஸ் எரிந்துவிடும். வைப்பர் மோட்டார்தான் கிடைத்தது என்றால், ரப்பரோ பிளாஸ்டிக்கோ இடையில் வைத்து, முடுக்கும் ஆணிகூட இரும்பில் படாதபடி பொருத்த வேண்டும்.

கைப்பிடியைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பியின் நுனியிலேயே மோட்டாரை இணைப்பது எளிய வழி. தடித்த ரப்பர்க் குழாய்த் துண்டை இரண்டுக்கும் மாட்டி, கிளிப் போட்டு இறுக்கலாம். குழல் உறைந்து அசையாதபோது ரப்பர் நழுவும், மோட்டார் பிழைக்கும். அந்த ரப்பர் நம் தோட்டத்துப் பாலில் பிறந்ததாகக்கூட இருக்கலாம், யார் கண்டது!

சுவிட்ச் ஆறு முனைகள் உடையதாக, கையை எடுத்ததும் நடுவுக்கு வந்து நிற்பதாக இருக்க வேண்டும். நடு முனைகள் இரண்டிலிருந்தும் மோட்டாருக்குக் கம்பி போகும். ஒரு பக்கத்து இரண்டு முனைகளுக்கு பேட்டரியின் நேர்முனையும் எதிர்முனையும் வரும். அங்கிருந்து இரண்டு கம்பிகளைக் குறுக்காக மறுபக்கத்து முனைகளுக்குக் கொடுத்தால் போதும்: இப்படித் தள்ளினால் இடம், அப்படித் தள்ளினால் வலம். பியூஸை பேட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். மோட்டார் திணறும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். பியூஸ் இல்லாவிட்டால் கம்பி தீப்பிடிக்கும்.

மோட்டாருக்கு மேலே ஒரு தகரமூடி, அடியில் நீர் வடியத் துளை. கடுங்குளிரில் சாதாரண கிரீஸ் மெழுகாய் இறுகிவிடும் என்பதால் குளிர் தாங்கும் கிரீஸே நல்லது. வேலை முடிந்ததும் இயந்திரத்தைச் சற்று நேரம் வெறுமனே ஓடவிட்டு, குழலை இருபுறமும் நாலைந்து முறை திருப்பிவிட்டால், உள்ளே தங்கிய பனி வெளியேறி மறுநாள் காலையில் உறைந்து கிடக்காது.

குழல் அடைத்துக்கொண்டால் மோட்டாரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது கையை உள்ளே விட்டு விரலை இழந்தவர்கள் அந்நாடுகளில் ஏராளம். எஞ்சினை நிறுத்திய பிறகும், இறுகியிருந்த விசிறி அடைப்பு நீங்கியதும் ஒரு சுற்றுச் சுற்றிவிடக்கூடும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, எல்லாம் நின்ற பிறகு நீண்ட குச்சியால்தான் குத்திவிட வேண்டும். அந்தக் குச்சியை டிராக்டரிலேயே கட்டி வைப்பது வழக்கம்.