ஹியூ டவுடிங்

ஹியூ டவுடிங் (ஏப்ரல் 24, 1882 – பெப்ரவரி 15, 1970) ஒரு பிரித்தானிய விமானப்படைத் தளபதி ஆவார். 1936 முதல் 1940 வரை பிரித்தானிய அரச விமானப்படையின் சண்டை விமானப் பிரிவின் முதல் தலைமைத் தளபதியாக இருந்தார். 1940 இல் ஜெர்மனியுடன் நிகழ்ந்த பிரிட்டன் சண்டையில் பிரித்தானியா வெற்றி பெற, இவர் உருவாக்கிய வான் பாதுகாப்பு அமைப்பு பெரிதும் உதவியது.

தொடக்க காலம்

டவுடிங் ஸ்காட்லாந்தின் மொஃபட் நகரில் பிறந்தார். 1900 இல் பீரங்கிப் படையில் சேர்ந்து ஜிப்ரால்டர், இலங்கை, ஹாங்காங், இந்தியா ஆகிய இடங்களில் பணியாற்றினார். 1913 இல் விமானி உரிமம் பெற்றார். முதல் உலகப் போரில், 1916 இல், களைப்புற்ற விமானிகளுக்கு ஓய்வு தர வேண்டும் என்று வலியுறுத்தியதால் தளபதி ஹியூ ட்ரென்ச்சார்டுடன் முரண்பட்டார். பின்னர் இங்கிலாந்தில் பயிற்சிப் பணிக்கு மாற்றப்பட்டார்.

வான் பாதுகாப்பு அமைப்பு

1930களில் விமானப்படையின் ஆய்வுப் பொறுப்பை வகித்தபோது ராடார் ஆய்வுகளுக்கு ஆதரவளித்தார். கடற்கரை ராடார் நிலையங்களின் தகவல்கள் தொலைபேசி வழியாக லண்டனுக்கு அருகிலுள்ள பென்ட்லி பிரயரி தலைமையகத்தை அடைந்தன. அங்கு சரிபார்க்கப்பட்ட பின் வட்டாரக் கட்டுப்பாட்டு அறைகளுக்கு அனுப்பப்பட்டன. கடற்கரையைக் கடந்து உள்நாட்டுக்குள் நுழைந்த விமானங்களைத் தரையிலிருந்த பார்வையாளர்கள் கண்காணித்தனர். இதனால் சண்டை விமானங்கள் எந்நேரமும் வானில் சுற்ற வேண்டியதில்லை. தேவைப்பட்டபோது மட்டும் அனுப்பப்பட்டன.

1940

மே 1940 இல் பிரான்சுக்கு மேலும் சண்டை விமானங்களை அனுப்புவதை டவுடிங் எதிர்த்தார். மே 16 இல் விமான அமைச்சகத்துக்கு எழுதிய கடிதத்தில், நாட்டின் பாதுகாப்புக்கு 52 ஸ்குவாட்ரன்கள் தேவையென மதிப்பிடப்பட்டிருந்தும் 36 ஸ்குவாட்ரன்களுக்கு இணையான பலமே எஞ்சியுள்ளது என்று சுட்டிக்காட்டினார். ஜூலை முதல் அக்டோபர் வரை நடைபெற்ற பிரிட்டன் சண்டையில், தென்கிழக்குப் பகுதித் தளபதி கீத் பார்க் சிறு பிரிவுகளை விரைந்து அனுப்பி எதிரியைத் தடுத்தார். மற்றொரு குழுவின் தளபதி லீ-மலோரி, பல ஸ்குவாட்ரன்களை ஒன்றுசேர்த்துத் தாக்குவதே சிறந்தது என வாதிட்டார். இவ்விருவரின் பூசலை டவுடிங் தீர்த்து வைக்கவில்லை என்ற குறை எழுந்தது. இரவு நேரக் குண்டுவீச்சைத் தடுக்க இயலாததும் அவருக்கு எதிராக அமைந்தது. வெற்றி பெற்ற சில வாரங்களில், நவம்பர் 1940 இல், அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

பிற்காலம்

1942 இல் ஓய்வு பெற்ற டவுடிங்குக்கு 1943 இல் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டது. 1970 இல் இறந்தபின் அவரது அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் வைக்கப்பட்டது. 1988 இல் லண்டன் செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ் தேவாலயத்தின் முன் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.