வாஷர் திரவத்துக்கு எஞ்சின் வெப்பம்: பயன், ஆபத்து, உரிமை

பெட்ரோல் எஞ்சின் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரங்களைச் சென்றடைந்தாலே அதிகம். மீதியில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. இப்படி வீணாகும் வெப்பத்தில் ஒரு சிறு பகுதியைத் திருப்பி, முன்கண்ணாடியில் பீய்ச்சும் வாஷர் திரவத்தைச் சூடாக்கும் ஏற்பாடு குளிர்நாடுகளில் வெகுகாலமாக இருந்து வருகிறது. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வட ஐரோப்பாவிலும் குளிர்காலத்தில் கண்ணாடியில் உறைபனி படியும், சாலையில் தூவும் உப்பு வெள்ளைப் படலமாக ஒட்டும். சூடான திரவம் இவற்றைக் குளிர்ந்த திரவத்தைவிட விரைவாகக் கரைக்கும். வைப்பரின் ரப்பரில் ஒட்டிய பனியும் இளகும். பயன் உண்மையானதுதான். ஆனால் வெப்பத்தை எந்த இடத்தில், எவ்வளவு, எந்தத் திரவத்துக்குக் கொடுப்பது என்பதில் கவனம் தவறினால் தீ, நச்சு, நோய் மூன்றுக்கும் வழி திறந்துவிடும்.

வேலை செய்யும் முறை எளிது. ஓடி நிதானத்துக்கு வந்த எஞ்சினில், அதைக் குளிர்விக்கும் கூலன்ட் 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். வண்டிக்குள் இருக்கும் ஹீட்டருக்குப் போகும் கூலன்ட் ஹோஸில் ஒரு கிளை எடுத்து, சிறிய வெப்பமாற்றி ஒன்றின் வழியே செலுத்துவார்கள். அதே வெப்பமாற்றியின் மறு அறையில் வாஷர் திரவம் ஓடும். இரண்டும் கலப்பதில்லை. நடுவே உள்ள உலோகச் சுவர் வழியே வெப்பம் மட்டும் கடக்கும். வேறு சில அமைப்புகளில் கூலன்ட் செல்லும் சுருள் குழாய் வாஷர் தொட்டிக்குள்ளேயே அமர்ந்திருக்கும். மெர்சிடிஸ்-பென்ஸ் கார்கள் சிலவற்றில் நெடுங்காலமாக இருப்பது இந்த வகை. மூன்றாவது வகை எஞ்சின் வெப்பத்தைத் தொடுவதே இல்லை. பேட்டரி மின்சாரத்தில் ஒரு சூடேற்றியை இயக்குகிறது.

ஒருமுறை பீய்ச்சுவதற்கு ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் திரவம் என்று வைத்துக்கொண்டால், அதை உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற 13 கிலோஜூல் அளவுக்கு வெப்பம் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர் இழுக்கும் சூடேற்றி இதைத் தர அரை நிமிடம் ஆகும். அத்தனை மின்னோட்டத்தை போனட்டுக்கு அடியில், ஈரமும் உப்பும் படும் இடத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும். எஞ்சினோ நகருக்குள் மெதுவாக ஓடும்போதே நொடிக்குப் பல கிலோஜூல் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. எனவே வீண் வெப்பத்தைப் பயன்படுத்தும் முறையே செலவிலும் பாதுகாப்பிலும் மேலானது. அதன் பெரிய குறை ஒன்றுதான்: காலையில் வண்டியைக் கிளப்பியதும், அதாவது கண்ணாடி முழுக்க உறைந்து கிடக்கும் நேரத்தில், கூலன்டும் குளிர்ந்தே இருக்கும். அது சூடேறப் பல நிமிடங்கள் பிடிக்கும். கையால் சுரண்டும் வேலை மிச்சமாகும் என்று சொல்லி விற்கப்படும் எஞ்சின் வெப்பக் கருவி, நடக்க முடியாத ஒன்றைச் சொல்லி விற்கப்படுகிறது.

சூடேற்றும் கருவி இருக்கிறதே என்று தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றுவது அடுத்த தவறு. நெடுஞ்சாலை வேகத்தில், உறைநிலைக்குக் கீழே இருக்கும் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பரவும் வெந்நீர் தன் சூட்டை நொடிகளில் இழந்து, மீண்டும் பனியாகிவிடும். ஓட்டுநருக்கு முன்னால் பார்வை சட்டென்று மறையும். வண்டி நிறுத்தியிருக்கும் இரவில் தொட்டியும் பம்பும் குழாய்களும் உறைந்து வெடிக்கவும் கூடும். உறைதடுப்பான் கலந்த திரவம் எந்தக் கருவி இருந்தாலும் தேவை.

வட அமெரிக்கக் கடைகளில் குளிர்காலத்துக்கு விற்கும் நீல நிற வாஷர் திரவத்தில் உறைதடுப்பானாக இருப்பது பெரும்பாலும் மெத்தனால். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக அது இருப்பது சாதாரணம். தூய மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கிறது. 12 டிகிரி அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. தண்ணீர் கலக்கும்போது இரண்டு எண்களும் உயரும். ஆனாலும் கலவையின் கொதிநிலை கூலன்டின் வெப்பத்துக்குக் கீழேதான் நிற்கும். எனவே வெப்பமாற்றிக்குள் அசையாமல் தங்கிவிடும் திரவம் கொதித்து, ஆவியழுத்தத்தில் முனைகள் வழியே தானாகச் சொட்டலாம். பொருத்து இடங்களில் குழாயைக் கழற்றிவிடலாம். வெப்பத்தை ஓர் அளவோடு நிறுத்தும் வால்வு இல்லாத கருவியை வாங்கவே கூடாது என்பதற்கு இது போதுமான காரணம். சூடான மெத்தனால் ஆவி காற்று உள்ளிழுக்கும் துளை வழியே வண்டிக்குள்ளும் வரும். பீய்ச்சும்போது உள்சுழற்சிப் பொத்தானை அழுத்திவைத்து, கண்ணாடி சுத்தமானதும் வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுவது நல்ல பழக்கம்.

குடித்துவிட்டால் மெத்தனால் மிகக் கொடியது. ஒரு சிறு மிடறுகூடக் குழந்தையின் கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகே பாதிப்பு தொடங்குவதால், குடித்துப் பல மணி நேரம் வரை குழந்தை நன்றாக இருப்பதுபோலவே தெரியும். அந்தத் தோற்றத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. திரவத்தின் கொள்கலனையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரத்தோடு போனால் காப்பாற்றும் மாற்றுமருந்து இருக்கிறது. நச்சு உதவி எண் அமெரிக்காவில் 1-800-222-1222, கனடாவில் 1-844-764-7669. மெத்தனாலின் இந்தக் கொடுமையால்தான் ஐரோப்பிய ஒன்றியம், 0.6 சதவீதமோ அதற்கு மேலோ மெத்தனால் உள்ள வாஷர் திரவத்தைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019 மே 9 முதல் தடை செய்துவிட்டது. எத்தனால் கலந்த திரவம் அங்கே அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. வட அமெரிக்காவில் அப்படிப்பட்ட பொதுத்தடை இல்லாததால், பாட்டிலின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதை வாங்குபவரே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பலரும் அறியாத ஆபத்து லெஜியனெல்லா என்ற பாக்டீரியா. கடும் நிமோனியாவை உண்டாக்கும் இது 20 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் பெருகும். நுண்திவலைகளாகக் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகும். வாஷர் அமைப்பு இந்த இரண்டு வேலையையும் செய்கிறது: நீரைத் தேக்கி வைக்கிறது, பிறகு அதைத் திவலையாக்கித் தெளிக்கிறது. உறைதடுப்பானோ சோப்புத் திரவமோ கலக்காமல் தொட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு லெஜியனெல்லா நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. சமூகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றும் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றும் அது கணித்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் பள்ளிப் பேருந்துகளின் வாஷர் தொட்டிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் இந்தப் பாக்டீரியா இருந்தது 2014-இல் வெளிவந்தது.

தொட்டி முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் ஏற்பாட்டில் வெறும் தண்ணீர் ஊற்றினால், பாக்டீரியா வளர்வதற்கு ஏற்ற சூடு அதற்கு நாள்தோறும் கிடைத்துவிடுகிறது. மாறாக, தொட்டியைக் குளிராகவே விட்டு, முனைக்குப் போகும் வழியில் மட்டும் திரவத்தை 60 டிகிரியை ஒட்டிச் சூடாக்கும் அமைப்பில் இந்த அபாயம் குறைவு. சூடாக்கும் இடம் என்ற ஒரே கேள்வியை வைத்தே நல்ல கருவியையும் மோசமான கருவியையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாஷர் தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள் பலர். டொரொன்டோ, ஸ்கார்பரோ போன்ற இடங்களில் குடியேறி டாக்சியும் லாரியும் ஓட்டும் தமிழர்கள் அந்தப் பழக்கத்தை உடனே விட்டுவிட வேண்டும். நாள் முழுக்க ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருப்பவரே இந்தத் திவலையை அதிகம் சுவாசிப்பவர். புகைபிடிப்பவர், நுரையீரல் நோய் உள்ளவர், முதியவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வெப்பமாற்றி ஓட்டையாகிவிட்டால் தெரியாமல் போகாது. கூலன்ட் பக்கத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் அதுதான் வாஷர் பக்கம் கசியும். நீலமாக இருந்த திரவம் பச்சையோ இளஞ்சிவப்போ கலந்து நிறம் மாறும். கண்ணாடியில் வைப்பர் போன வழியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு போன்ற படலம் படியும். லேசான இனிப்பு மணம் வரும். கூலன்ட் அளவு காரணமின்றிக் குறையும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வாஷரைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, கூலன்ட் அளவைச் சரிபார்த்து, வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கூலன்ட் இல்லாமல் ஓடும் எஞ்சின் பழுதாகும் செலவு, கருவியின் விலையைப் போலப் பல மடங்கு.

கல் பட்டுச் சிறு விரிசல் விழுந்த கண்ணாடியில் கொதிக்கும் சூட்டோடு திரவம் பட்டால் விரிசல் ஓடும். கெட்டில் நீரைக் கண்ணாடியில் ஊற்றுவது இதைவிட மோசம்.

மின்சூடேற்றி வகை எப்படி நெருப்பாகும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கதையே சான்று. 2006 முதல் 2009 வரையிலான பியூயிக், காடிலாக், செவ்ரலே, ஜிஎம்சி, ஹம்மர், சாட்டர்ன் வகை வண்டிகள் பலவற்றில் சூடேற்றிய வாஷர் கருவி பொருத்தப்பட்டிருந்தது. அதன் மின்சுற்றில் குறுக்குச்சுற்று ஏற்பட்டு வயர்கள் சூடாகிப் புகையும் தீயும் கிளம்பலாம் என்று 2008-இல் ரீகால் (வண்டிகளைத் திரும்ப அழைத்தல்) அறிவிக்கப்பட்டது. ஃபியூஸோடு கூடிய வயரைக் கூடுதலாகச் சேர்த்துப் பழுது பார்த்தார்கள். அதற்குப் பிறகும் சூடேற்றியின் உள்ளேயே தீப்பற்றிய புகார்கள் வந்தன. 2010 ஜூனில் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளுக்கு இரண்டாவது ரீகால் வந்தது. கருவியைச் செய்து கொடுத்த மைக்ரோஹீட் நிறுவனம் அதற்குள் தொழிலை மூடிவிட்டிருந்தது. மாற்றுக் கருவி கிடைக்க வழியில்லை. சூடேற்றியை நிரந்தரமாகத் துண்டித்துவிட்டு, வசதியை இழந்ததற்காக உரிமையாளருக்கு 100 டாலர் கொடுத்தார்கள்.

ரீகாலில் ஆபத்தைக் கட்டணமின்றி நீக்கித் தருவதற்கு உரிமை உண்டு. காசு கொடுத்து வாங்கிய வசதி அப்படியே நீடிக்கும் என்ற உறுதி கிடையாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்புக் குறை இருப்பதை நிறுவனம் முடிவு செய்த ஐந்து வேலை நாட்களுக்குள் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குச் சொல்லியாக வேண்டும். உரிமையாளருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள் வரை இலவசமாகப் பழுது நீக்கவோ, மாற்றிக் கொடுக்கவோ, தேய்மானம் கழித்துப் பணத்தைத் திருப்பவோ வேண்டும். ரீகாலுக்கு முன்பே அதே குறைக்காகச் சொந்தப் பணத்தில் பழுது பார்த்தவர், ரசீது வைத்திருந்தால், குறிப்பிட்ட கால வரம்புக்குள் அந்தத் தொகையைக் கேட்கலாம். கனடாவில் 2018-இல் வந்த சட்டத்திருத்தம், குறையை நிறுவனத்தின் செலவிலேயே சரிசெய்யும்படி உத்தரவிடும் அதிகாரத்தைப் போக்குவரத்து அமைச்சருக்குத் தந்திருக்கிறது.

பழைய வண்டி வாங்குபவர் இந்த உரிமையை எளிதில் தவறவிடுகிறார், ஏனென்றால் ரீகால் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கும். டாஷ்போர்டின் ஓரத்தில் கண்ணாடி வழியாகத் தெரியும் 17 இலக்க வின் எண்ணை (வாகன அடையாள எண்) அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையத்தளத்திலோ நிறுவனத்தின் தளத்திலோ கொடுத்துப் பார்த்தால், முடிக்காத ரீகால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தனியே வாங்கிப் பொருத்தும் கருவிக்கு வேறு சட்டங்கள் துணை நிற்கின்றன. வெளிக் கருவி பொருத்தினாலே வண்டியின் வாரன்டி முழுவதும் போய்விடும் என்று டீலர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டப்படி, அந்தக் கருவிதான் பழுதுக்குக் காரணம் என்று காட்டினால்தான் வாரன்டியை மறுக்க முடியும். ஆனால் கூலன்ட் ஹோஸை வெட்டி இணைத்த இடத்தில் கசிந்து எஞ்சின் பழுதானால் அப்படிக் காட்டுவது கடினமல்ல. அதனால் பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற பணிமனையிடம் கொடுத்து, எந்த ஹோஸ், எந்தக் கிளாம்ப் என்பது வரை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஒன்டாரியோவில் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பணிமனை மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் பத்து சதவீதத்துக்கு அதிகமாக வாங்க முடியாது. பொருத்திய புதிய பாகத்துக்கும் கூலி வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், இதில் எது முந்துகிறதோ அதுவரை, வாரன்டி உண்டு. கையெழுத்தில்லாமல் ரொக்கத்துக்குச் செய்யும் வேலையில் இந்த உரிமையை நிலைநாட்ட ஆதாரம் எதுவும் மிஞ்சாது.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டிய பொறுப்பு ஓட்டுநருடையதே. ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் முன்கண்ணாடி வழியே தெளிவாகப் பார்க்க முடியாத நிலையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பும் எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ள பனியை அகற்றிய பிறகே கிளம்ப வேண்டும் என்கிறது. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் வண்டிச் சோதனையில் வாஷர் போதிய அளவு பீய்ச்சாவிட்டால் தேறாது.

புகை, கருகிய மணம், வயர் உருகிய தடம் ஏதேனும் தெரிந்தால் எஞ்சினை அணைத்து வண்டியை விட்டு விலகி நிற்க வேண்டும். போனட்டைத் திறந்து தீயைத் தேடக் கூடாது. சேதமான கருவியைக் கழற்றி எறியாமல், படம் எடுத்து வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் மேற்சொன்ன பாதுகாப்பு நிர்வாகத்திடமும் கனடாவில் கூட்டரசின் போக்குவரத்துத் துறையிடமும் புகார் பதிய வேண்டும். புகார் பதியக் கட்டணம் இல்லை. ஒரே வகைக் கருவி பற்றிப் பல புகார்கள் சேரும்போது விசாரணை தொடங்க வழி பிறக்கிறது. அமெரிக்காவில் விசாரணை முடிவில் குறை உறுதியானால், தனியே விற்ற கருவியாக இருந்தாலும் அதைத் தயாரித்தவர் ரீகால் செய்தாக வேண்டும்.